தலை மூன்றாம் மாடியில், கால் நிலவறையில்

டன்வேல் அருங்காட்சியகத்தில் எங்கள் தெகரோன்யாதேயின் தலை மூன்றாம் மாடியில் இருந்தது. கால்கள் நிலவறையில் இருந்தன. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று அருங்காட்சியகம் ஒத்துக்கொள்ளப் பத்து மாதம் பிடித்தது. ஒத்துக்கொண்ட பிறகு அவர்கள் செய்த காரியத்தைப் பார்த்தால், ஒத்துக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

நான் லூயி. அக்வெசாஸ்னேயில் வீடு வீடாகக் கணப்பு எண்ணெய் ஊற்றும் லாரி ஓட்டுகிறேன். நாங்கள் வட அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒன்றான மோஹாக் ஜனம். இந்தக் கதையில் என் வேலை வண்டி ஓட்டியது மட்டும்தான். அலைந்தது என் பெரியம்மா மகன் தியோபில் டார்பெல். முப்பது வருஷம் வானளாவிய கட்டடங்களின் உச்சியில் நின்று இரும்புச் சட்டம் முடுக்கியவர். அறுபது மாடி உயரத்தில் வராத தலைசுற்றல் அவருக்கு அந்த அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் வந்தது. கூட வந்தது அவருடைய அக்கா அகதா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் ஆமைக் குலத்தின் தாயும் அவள்தான். குலத்துக்கு யார் தலைவர் என்று சொல்வதும், சரியில்லாதவரைக் கீழே இறக்குவதும் அவள் பொறுப்பு.

விஷயம் நாரைத் தீவைப் பற்றியது. ஆற்றின் நடுவே எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற தீவு. நாங்கள் மீன் பிடிக்கிற இடம். அங்கே கப்பல் துறை கட்டப்போவதாக அரசாங்கம் சொன்னது. தீவு எங்களுடையது என்று நாங்கள் சொன்னோம். உடனே ஒரு விசாரணை ஆணையம் போட்டார்கள். ஆணையத்தின் முன் அக்கா இரண்டு மணி நேரம் பேசினாள். 1768இல் ஆற்றங்கரைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களும் எங்கள் முன்னோரும் செய்துகொண்ட உடன்பாட்டைச் சொன்னாள். அதற்காகக் கிளிஞ்சல் மணிகளைக் கோத்துச் செய்த வாரைப் பற்றிச் சொன்னாள். எங்களுக்கு மணிவார்தான் பத்திரம். அந்த வாரில் மூன்று ஊதாக் கட்டங்கள் உண்டு. ஒன்று எங்கள் ஊர், ஒன்று தீவு. இரண்டையும் ஒரு வெள்ளைக் கோடு சேர்க்கும். மூன்றாவது கட்டம் கோட்டை. அது தனியாக, தள்ளி நிற்கும்.

"அந்த வார் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் ஆணையத் தலைவர்.

"பத்திரமா வெச்சுக்கறேன்னு ஒரு பாதிரியார் வாங்கிட்டுப் போனார். இன்னும் பத்திரமாத்தான் இருக்கும். எங்கேன்னுதான் யாருக்கும் தெரியல."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப அழகான மரபும்மா. ஆனா இது வாய்மொழி. அந்தக் காலத்து ஐரோப்பியர் யாராவது எழுதினதோ வரைஞ்சதோ இருந்தா கொண்டாங்க. எடுத்துக்கலாம்."

தியோ அண்ணன் எழுந்தார். "அதாவது, நாங்க செஞ்சத நாங்க சொன்னா செல்லாது. வெள்ளக்காரன் ஒருத்தன் பார்த்தேன்னா செல்லும்."

"அப்படிப் பட்டுன்னு சொல்ல வேண்டாமே," என்றார் தலைவர்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. 1776இல் எங்கள் குலத்துத் தலைவர் தெகரோன்யாதே அந்த வாரை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கப்பலேறினார். தீவில் சிப்பாய்கள் ஏன் மரம் வெட்டுகிறார்கள் என்று கேட்கப் போனார். எட்டு மாதம் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஓவியர் அவரை நிற்கவைத்து எண்ணெய் வண்ணத்தில் ஆளுயரத்துக்கு வரைந்தார். கையில் வாரைப் பிடித்தபடி நின்றதாக அவரே ஊர் திரும்பிச் சொன்னது எங்கள் குலத்தில் வழிவழியாக வருகிற பேச்சு. அந்தப் படம்தான் டன்வேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம் மட்டும் எங்களுக்குப் பழக்கம். அவர்கள் விற்கும் மிட்டாய் டப்பா மூடியில் இருக்கும். கிறிஸ்துமசுக்கு யாராவது ஒரு வெள்ளைக்கார நண்பர் எங்களுக்கு அந்த டப்பாவைப் பரிசாகக் கொடுத்துவிடுவார்.

ஆகஸ்டு மாதம் மூவரும் நகரத்துக்குப் போனோம்.

அருங்காட்சியக வாசலில் சீருடைக் காவலர் ஓர் அட்டையைப் பார்த்து வாசித்தார். "இந்தக் கட்டடம் மோஹாக் மக்களின் விட்டுக்கொடுக்கப்படாத பாரம்பரிய நிலத்தில் நிற்கிறது என்பதை நன்றியோடும் பணிவோடும் ஏற்றுக்கொள்கிறோம்." வாசித்து முடித்துவிட்டு, "பையைத் திறங்க," என்றார்.

அக்கா பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எங்க நிலம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப என் பையை ஏன் நோண்டுறீங்க?"

"அது வேற அட்டைம்மா," என்றார் காவலர், பாவம். பையில் சோள ரொட்டியும் அவித்த பீன்ஸும் இருந்தன. தின்பண்டம் ஓவியங்களுக்கு ஆகாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்களை வரவேற்க டங்கன் ஆஷ்வொர்த் என்பவர் ஓடிவந்தார். அருங்காட்சியகத்தின் நல்லுறவு அதிகாரி. மென்மையான குரல். கழுத்தில் மணிமாலை. அவரும் அதே நன்றியுரையைச் சொன்னார், மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு. மின்தூக்கியில் ஏறினோம். மூன்றாம் மாடி வருவதற்குள் ஒலிபெருக்கி இன்னொரு முறை சொன்னது. அண்ணன் என் காதில், "இவ்வளவு தடவ நன்றி சொல்றானுங்களே, நாம எதையாவது கொடுத்துட்டமா?" என்றார்.

மூன்றாம் மாடியில் தெகரோன்யாதே இருந்தார். நான் அதுவரை டப்பா மூடியில்தான் பார்த்திருந்தேன். நேரில் அவர் கண்கள் அப்படியே என் பெரியம்மாவுடையவை. சிவப்புப் போர்வை தோளில் கிடந்தது. யாரோ பேசப் போகிறார்கள் என்று காத்திருக்கிற முகம். அக்கா அவரிடம் எங்கள் மொழியில் வணக்கம் சொன்னாள், வீட்டுக்கு வந்த மாமாவிடம் சொல்வதுபோல.

படம் இடுப்போடு முடிந்துவிட்டது.

கீழே ஒரு பித்தளைப் பலகை, வெள்ளைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரோடு. 'விசுவாசி டிக். மோஹாக் தலைவர். மறைந்துவரும் ஓர் இனத்தின் கடைசிப் பார்வை.'

"லூயி, நாம மறைஞ்சிட்டமாடா?" என்றார் அண்ணன்.

"வாசல்ல நம்மள நல்லாத் தடவிப் பார்த்தாங்களே அண்ணே. மறைஞ்சவங்களத் தடவ முடியாது."

டங்கன் முகம் சிவந்தது. "அது பழைய வாசகம். மாத்தறதுக்குக் குழு போட்டிருக்கோம். 'மறைந்துவரும்'ங்கிறத 'மறைந்துவருவதாகக் கருதப்பட்ட'ன்னு மாத்தலாமான்னு நாலு வருஷமா ஆழமா யோசிக்கிறாங்க."

அண்ணன் படத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டம் எங்கே வெட்டப்பட்டது, எங்கே உருக்கி ஒட்டப்பட்டது என்று கண்ணால் சொல்லக்கூடியவர். "இது வெட்டின துணி. ஓரம் நேரா இல்ல. இடது கை எதையோ புடிச்சிருக்கு. எதை?"

டங்கன் கையேட்டைப் புரட்டினார். "இடது கை தன் கண்ணியத்தைப் பற்றிக்கொண்டிருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்."

"கண்ணியத்துக்கு இவ்வளவு அகலமா விரல மடக்கணுமா?"

பதில் எழுத்தில் தருவதாகச் சொல்லி டங்கன் படிவம் எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் வந்தாள். ஒலிவியா என்று சட்டையில் பெயர். பிலிப்பைன்ஸ்காரி. துடைப்பத்தை நிறுத்தாமலே பேசினாள். "இந்தச் செவப்புத் துணி கீழ நிலவறையிலயும் இருக்குங்க. ரெண்டு காலு, கொஞ்சம் துணி, மேல ஊதாக் கலர்ல என்னமோ. நான்தான் தூசி தட்டறேன்."

இப்படித்தான் கால் கிடைத்தது.

நிலவறை உடைகள் பிரிவின் ஆளுகையில் இருந்தது. தலைவி திருமதி வின்டர்போர்ன். 1891இல் படத்தின் அப்போதைய சொந்தக்காரர் தன் சாப்பாட்டறைக் கணப்பின் மேல் மாட்டுவதற்காக அதை இரண்டாக வெட்டியிருக்கிறார். டங்கன் அதற்கு 'மறுவடிவமைப்பு' என்று பெயர் சொன்னார். மேல் பாதி உருவப்படங்கள் பிரிவுக்கு வந்தது. கீழ்ப் பாதி, 'மான்தோல் காலணிகள், அணிந்தவர் யாரென்று தெரியவில்லை' என்று உடைகள் பிரிவில் பதிவானது. நாங்கள் கேட்டதும் அதைப் பெட்டியில் போட்டு ஆணி அடித்துவிட்டார்கள்.

"எங்ககிட்ட இருக்கறது காலணி," என்றார் திருமதி வின்டர்போர்ன். "அதுக்குள்ள கால் இருக்கறது தற்செயல்."

"காலுக்கு மேல என்ன இருக்குன்னு ஒரு தடவ பார்க்கணும்மா, அவ்வளவுதான்," என்றார் அண்ணன்.

"காலணிக்கு மேல இருக்கறது எங்க துறை இல்ல."

டங்கன் மிக வருத்தமாகத் தலையாட்டினார். "இடுப்புக்குக் கீழ உருவப்படப் பிரிவோட துறையும் இல்ல."

முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, எங்கள் தீவு இருக்கிற இடத்துக்கு, அந்த மாளிகையில் பொறுப்பாளர் யாரும் இல்லை.

பெட்டியைத் திறக்க ஒரே வழி, சொந்தம் என்று நிரூபிப்பது. படிவம் பதினான்கு. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெகரோன்யாதேயின் தங்கையிலிருந்து தன் அம்மா வரை ஒன்பது பெண்களின் பெயர்களைச் சொன்னாள். யார் எந்தக் குளிர்காலத்தில் பிறந்தாள், யார் எந்தக் கரையில் புதைக்கப்பட்டாள் என்பதெல்லாம் வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. டங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் உடம்பே சிலிர்த்துப்போச்சு. ஆனா பாருங்க, படிவத்துல தகப்பன் பேருக்குத்தான் கட்டம் இருக்கு."

"எங்களுக்கு வம்சம் அம்மா வழிதான் தம்பி. அதான் சொன்னேன்."

"புரியுதும்மா. அதை மதிக்கிறோம். கட்டம் இல்ல, அவ்வளவுதான்."

அடுத்த மாதம் ஒரு நிபுணர் வந்தார். தலைக்கும் காலுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய அருங்காட்சியகம் அமர்த்தியவர். தியோ அண்ணனை ஒரு மேடையில் ஏற்றி, படத்தில் இருப்பதுபோல நிற்கச் சொல்லி, கால் நீளத்தை அளந்தார். நாற்பது நிமிஷம். அண்ணன் அசையாமல் நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வரிசை உள்ளே வந்தார்கள். அவர்களுடைய ஆசிரியை, "இவர் உண்மையானவர்," என்று அண்ணனைக் காட்டி விளக்கினாள். ஒரு பெண் குழந்தை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது.

டிசம்பரில் அறிக்கை வந்தது. 'கால்கள் ஒத்துப்போகவில்லை. ஒப்பிடப்பட்டவர் பூட்ஸ் அணிந்திருந்தது காரணமாக இருக்கலாம். ஆயினும் இரண்டிலுமே ஒரு கால் இடது, ஒரு கால் வலது என்று அமைந்திருப்பது நம்பிக்கையளிக்கிறது.'

அண்ணன் அந்தத் தாளை வண்டியில் வைத்து மூன்று முறை படித்தார். கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஓட்டு," என்றார். அவர் கத்தினால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

குளிர்காலம் போனது. ஆணையம் கடைசி விசாரணைக்கு ஜூன் இருபத்திரண்டு என்று தேதி குறித்தது. அன்றைக்குள் சான்று வரவில்லை என்றால் தீவு துறைமுகத்துக்குப் போய்விடும். தீவின் கரையில் அளவைக்காரர்கள் குச்சி நட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் கடிதம் எழுதினோம். அருங்காட்சியகம் பதில் எழுதியது. ஒவ்வொரு பதிலும் நன்றியுரையில் தொடங்கி, இல்லை என்பதில் முடிந்தது.

மே மாதத்தில் திடீரென்று எல்லாம் மாறியது. ஜூனில் பண்பாட்டு அமைச்சர் எதையாவது திறந்துவைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். திறந்துவைக்க அருங்காட்சியகத்தில் எதுவும் இல்லை. மறுநாளே தலையும் காலும் ஒரே ஆளுடையவை என்று அறிவியல் கண்டுபிடித்துவிட்டது.

இயக்குநர் எலினோர் கிராண்ட்லி எங்களைத் தன் அறைக்கே கூப்பிட்டார். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பீங்கானில் தேநீர்.

"நூறு வருஷத்துக்கு மேலாகப் பிரிஞ்சு கிடந்த ஒரு மனிதர் ஒன்று சேரப்போறார்," என்றார். "ஜூன் பதினெட்டு. 'மறு இணைப்பு விழா'ன்னு பேர் வெச்சிருக்கோம். இது உங்க நாள். உங்களுக்கு மூணு நிமிஷம் பேச்சு ஒதுக்கியிருக்கோம். ரெண்டு நிமிஷத்துல முடிச்சா நல்லது."

"பேச்செல்லாம் வேணாங்க," என்றார் அண்ணன். "இடுப்புக்குக் கீழ இருக்கற பாகத்த ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க. இப்பவே. ஒரே ஒரு போட்டோ."

"முன்னாடியே படம் வெளியில போயிட்டா விழாவோட மர்மம் கெட்டுடுமே."

"எங்களுக்கு இருபத்திரண்டாந் தேதி விசாரணை. வக்கீல் தயார் பண்ணணும். அவசரம்மா."

இயக்குநர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை. "திரு டார்பெல், அவசரம்ங்கிறது காலனியப் பண்பு. எங்களுக்குப் போன வருஷம் ரெண்டு நாள் பயிற்சியில சொல்லிக்கொடுத்தாங்க. உங்க மரபுல காலம் வட்டமானது இல்லையா? நாங்க அதை மதிக்கக் கத்துக்கிட்டிருக்கோம். நீங்களும் கத்துக்கணும்."

அக்கா சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு அல்ல. அவள் பேருந்தில் யாராவது பிள்ளை இன்னொரு பிள்ளையின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டினால் இப்படித்தான் சிரிப்பாள். அதற்குப் பிறகு வண்டி நிற்கும்.

"பதினெட்டாந் தேதி வர்றோம்," என்றாள்.

விழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்து நிறையப் போனோம். அக்காதான் ஓட்டினாள். மண்டபத்தில் முதல் இரண்டு வரிசை அமைச்சரின் ஆட்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும். எங்களுக்குத் தூண்களுக்குப் பின்னால். முரசு அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி, மேற்குச் சமவெளியிலிருந்து விமானத்தில் கூட்டி வந்திருந்தார்கள். அவர்கள் ஜனம் வேறு, பாட்டு வேறு. பாவம், நல்ல பிள்ளைகள். "எங்களத்தான் கூப்பிட்டாங்க, ஏன்னு தெரியல," என்று என்னிடம் வெட்கப்பட்டார்கள். தலை நிறைய இறகு வைத்தவர்கள் வேண்டும் என்று அருங்காட்சியகம் கேட்டிருந்ததாம்.

அமைச்சர் பேசினார். "பிரிவு என்பது வலி. இணைப்பு என்பது மருந்து. அந்த மருந்தை இன்று இந்த அரசாங்கம் தன் கையால் தருகிறது." நாரைத் தீவில் குச்சி நட்டதும் அதே அரசாங்கத்தின் கைதான். அதை அவர் சொல்லவில்லை, மூன்று நிமிஷம் முடிந்துவிட்டதோ என்னவோ.

கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

தெகரோன்யாதே குள்ளமாக நின்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. முகம் அதே முகம். சிவப்புப் போர்வை. இடுப்பு. இடுப்புக்குக் கீழே உடனே முழங்கால். முழங்காலுக்குக் கீழே மான்தோல் காலணிகள். இடது கை விரலை மடக்கி முழங்கால் மூட்டின் மேல் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மேப்பிள் மரத்தில் அகலமான புதுச் சட்டகம். அதில் அமைச்சரின் பெயர் பொன்னெழுத்தில்.

"நடுவுல எங்க?" என்றார் அண்ணன்.

கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் தூணைத் தாண்டி, வரிசைகளைத் தாண்டி, நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்கே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நடுவுல எங்கன்னு கேட்டேன்!"

இயக்குநர் சிரித்த முகத்தை மாற்றாமலே பக்கத்தில் வந்து தணிந்த குரலில் விளக்கினார். "சட்டகம் நன்கொடை, திரு டார்பெல். ஒரு மர ஆலை முதலாளி கொடுத்தது. ஆறடின்னு செஞ்சு செதுக்கியும் முடிச்சாச்சு. அப்புறம்தான் படத்தை அளந்தோம். ஏழரை அடி. நன்கொடையை வெட்டறது நாகரிகம் இல்ல. அதனால படத்தைக் கொஞ்சம் சரிபண்ணினோம். தலையும் காலும் சேரணும்னுதானே நீங்க கேட்டீங்க? ரெண்டும் இருக்கு. நடுவுல இருந்தது வெறும் அலங்காரம்னு நிபுணர் எழுதிக்கொடுத்தார். ஏதோ கட்டம் கட்டமா."

"எத்தன கட்டம்?"

"அதெல்லாம் யார் எண்ணினாங்க?"

அண்ணன் அப்போது எங்கள் மொழியில் பேச ஆரம்பித்தார். பத்து மாதம் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததெல்லாம் வந்தது. மண்டபம் அதிர்ந்தது. தூணுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் அவர் குரல் உடைந்தது. முப்பது வருஷ வேலையில் கூட்டாளிகள் இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்தவர். அப்போதுகூட நான் அவரை இப்படிப் பார்த்ததில்லை.

அமைச்சர் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். என்னிடம் குனிந்து, "ஆசீர்வாதம்தானே?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "உங்க பரம்பரைக்கே."

டங்கனைத் தாழ்வாரத்தில் பிடித்தோம். அவர் கழுத்து மணிமாலையை உருட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசினார். "வெட்டின துண்டைப் பதிவேட்டுல ஏத்தல. ஏத்தினா, வெட்டினோம்னு பதிவாயிடும். அதனால அது... கழிவு."

"கழிவு எங்க போகும்?" என்றாள் அக்கா.

டங்கனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை பார்க்கிற மனிதர். குப்பை எங்கே போகிறது என்று தெரியாது.

ஒலிவியாவுக்குத் தெரிந்திருந்தது. தேநீர்க் கோப்பைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "செவ்வாயும் வெள்ளியும்தான் லாரி வரும். இன்னிக்கு வியாழன். வாங்க," என்றாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

பின்கட்டில் மூன்று பெரிய தொட்டிகள். அண்ணன் மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முதல் தொட்டிக்குள் இறங்கினார். கேக் பெட்டிகள், வாடிய பூக்கள், அச்சடித்த அழைப்பிதழ்கள் நூற்றுக்கணக்கில். இரண்டாவது தொட்டியில் மரத்தூளும் சட்டகத்தின் பொதிதாளும் கிடந்தன. அதற்கடியில் சுருட்டிக்கிடந்தது. ஒரு முழ அகலத் துணி. விறைப்பாக, பின்பக்கம் பழுப்பாக.

அக்கா தன் சால்வையைத் தரையில் விரித்தாள். அண்ணன் துணியை அதன் மேல் வைத்து, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். முதலில் இரண்டு விரல்களின் நுனி. அப்புறம் வெள்ளை மணிகள். ஓவியன் சோம்பேறி அல்ல. ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்திருந்தான். ஓர் ஊதாக் கட்டம். அதிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு. அது போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு ஊதாக் கட்டம். அப்புறம் வெறுமை. தள்ளி, தனியாக, மூன்றாவது.

ஒலிவியா சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா சால்வையோடு சேர்த்து அதைக் குழந்தையைப்போல எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெளிவாசலில் காவலர் தடுத்தார். "கட்டடத்தை விட்டு எந்தப் பொருளும் வெளிய போகக் கூடாதும்மா. என்ன அது?"

"குப்பை," என்றாள் ஒலிவியா.

அவர் பட்டியலைப் பார்த்தார். அந்த மாளிகையில் இருந்த இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் பொருள்களும் அதில் இருந்தன. இது இல்லை. "குப்பைன்னா தாராளமா," என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதி ஆணையத்தின் மேசைமேல் எங்கள் வக்கீல் அந்தத் துணியை வைத்தார். அரசாங்க வக்கீல் இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது போன வாரம் யார் வேணும்னாலும் வரைஞ்சிருக்கலாம். குப்பைத் தொட்டியில கிடைச்சதுன்னு இவங்களே சொல்றாங்க. அசல்னு யார் சொல்றது?"

ஆணையத் தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் சொன்னால் அது வாய்மொழி.

அப்போது ஆணையத்தின் குமாஸ்தா ஓர் உறையோடு வந்தார். காலையில்தான் வந்ததாம், அருங்காட்சியகத்திலிருந்து. குப்பையை நாங்கள் எடுத்துப்போன செய்தி சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்துவிட்டது. தலைவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

'மோஹாக் மக்களின் விட்டுக்கொடுக்கப்படாத நிலத்துக்கு நன்றி தெரிவித்துத் தொடங்குகிறோம். எங்கள் வளாகத்திலிருந்து திரு டார்பெல் குடும்பத்தினர் எடுத்துச் சென்ற ஓவியத் துண்டு, 1776இல் லண்டனில் வரையப்பட்ட எங்கள் தேசியச் செல்வத்தின் பிரிக்க முடியாத அங்கம் என்பதில் எங்கள் நிபுணர்களுக்குச் சிறிதும் ஐயமில்லை. நூல், வண்ணம், தூரிகைத் தடம் அனைத்தும் அதை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்துகின்றன. அதை உடனடியாகத் திருப்பித் தர உத்தரவிடக் கோருகிறோம். எலினோர் கிராண்ட்லி, இயக்குநர்.'

தலைவர் கடிதத்தை மேசைமேல் அந்தத் துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னொரு தடவ படிங்க," என்றாள் அக்கா. "அந்த 'ஐயத்துக்கிடமின்றி'ங்கற எடம்."

அரசாங்க வக்கீல் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். இருந்தாலும் தலைவருக்குக் கடமை ஒன்று பாக்கி இருந்தது. தொண்டையைச் செருமினார். "அருங்காட்சியகத்தோட கோரிக்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா. இந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா? படம் முழுசாகணும் இல்லையா?"

"முழுசாகட்டும்," என்றாள் அக்கா. "தலையையும் காலையும் எப்ப எங்க ஊருக்கு அனுப்பறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. ஒட்டிக்கறோம்."

தீர்ப்பு செப்டம்பரில் வந்தது. தீவு எங்களுடையது. அதைச் சொல்ல நாற்பத்தொரு பக்கம். அதில் முப்பத்தெட்டு பக்கம் ஓவியரைப் பற்றி, அவருடைய தூரிகையின் நேர்மையைப் பற்றி, அவர் லண்டனில் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதைப் பற்றி. அக்கா பேசிய இரண்டு மணி நேரம் ஓர் அடிக்குறிப்பில் இருந்தது.

படிக்கட்டில் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நகரத்துப் பத்திரிகையின் இளம் நிருபர் ஒருவர் அண்ணனின் வாய்க்கருகே ஒலிவாங்கியை நீட்டினார். "ரொம்பச் சந்தோஷமா இருக்கும், இல்லீங்களா?"

அண்ணன் அந்த ஆளைப் பார்த்தார். கோபம் இம்மியும் குறைந்திருக்கவில்லை.

"எங்க அக்கா இதையேதான் மொத நாளே சொன்னா. கட்டம் எத்தன, கோடு எங்க போகுது, எல்லாம். ஒரு எழுத்து மாறல. அதே வார்த்தைய ஒரு இங்கிலீஷ்காரன் தூரிகையால சொன்னதுக்கப்புறம்தான் உங்க காதுல விழுந்துது. அதையும் நீங்க வெட்டிக் குப்பையில போட்டீங்க. அதை எடுத்துட்டுப் போனதுக்கு எங்கள அதட்டி எழுதினீங்க. அந்தத் திமிர்னாலதான் ஜெயிச்சோம். அந்தக் கடிதம் மட்டும் வரலேன்னா, இன்னிக்கு அங்க கப்பல் நிக்கும். என்ன சந்தோஷம்ங்கறீங்க? இதை அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்த விடாம எழுதுங்க."

நிருபர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். எழுத்துப்பிழை வரக் கூடாது என்று அண்ணனின் பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எண்ணெய் ஊற்றப் போன ஒரு வீட்டு வாசலில் அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன். முதல் பக்கத்தில், மேல் பாதியில் போட்டிருந்தார்கள். அண்ணனின் படம் தோள் வரைக்கும் இருந்தது. பெயரில் பிழை இல்லை. கீழே இருந்தது இது:

'தீர்ப்பைக் கேட்டு மோஹாக் மக்கள் நெகிழ்ச்சி. அருங்காட்சியகத்துக்குக் கண்ணீர் மல்க நன்றி.'